கொச்சி மன்னரின் கொலுமண்டபமும் எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லும்

வடகரப்பதி என்று சொன்னால் நம் சங்கத்து அன்பர்களிற் பலர், "அது தமிழ்நாட்டில் எந்த மாவட்டம்?" என்று கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் இல்லை. கேரளத்தில், பாலக்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில், கோயமுத்தூர் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. மலையாள நாடு என்றதும் நம் கண்முன் வரும் காயலும் ஓடமும் அங்கே கிடையா. மழை மறைவுப் பூமி. கரிசல் மண்ணும் பனைமரமும் உள்ள ஊர். வீட்டிலே பேசுவது தமிழ். அரசாங்கக் கடிதம் வந்தால் பெரும்பாலும் மலையாளம்.

எங்கள் முன்னோர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அரசுதான் அவர்கள் தலைக்கு மேலே மாறிக்கொண்டிருந்தது. சிற்றூர் வட்டம் அந்நாளிற் கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது. இராச்சியத்தின் ஏனைய பகுதிகளோடு ஒட்டாமல், ஆங்கிலேயரின் மலபாருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே தனித்துக் கிடந்த துண்டு அது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் ஆயிற்று. என் பாட்டனார் கொச்சி மன்னருக்கு நிலவரி கட்டியவர். மன்னரை அவர் கண்டதில்லை; கொச்சியையும் கண்டதில்லை. வரி மட்டும் ஆண்டு தவறாமற் போய்ச் சேர்ந்தது.

அந்த மன்னர்களின் கொலுமண்டபத்துக்குள் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக நுழைந்தவர் என் தாயார். அது 2013 ஜனவரி மாதம். அவர் போனது அரசரைக் காண அன்று. நவீனக் கலைக் கண்காட்சி ஒன்றைக் காண. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். "நவீன ஓவியமா? அது படித்த பணக்காரர் சமாசாரம்; நமக்கு என்ன புரியப்போகிறது?" என்று நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகிறோம். என் தாயார் நான்காம் வகுப்பு வரை படித்தவர். அங்கிருந்த சிலவற்றை என்னைக் காட்டிலும் அவரே நன்றாகப் புரிந்துகொண்டார்.

கண்காட்சியின் பெயர் கொச்சி-முசிறி பினாலே. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவை இத்தாலிய மொழியில் பினாலே என்பர். இத்தாலியின் வெனிஸ் நகரில் 1895ஆம் ஆண்டு தொடங்கிய விழாவே இதற்கெல்லாம் மூத்தது. அங்கே பழைய பிரபுக்களின் மாளிகைகளிலும், கப்பல் கட்டும் துறையிலும், சுங்கச் சாவடியிலுங்கூட இக்காலக் கலைஞர்களின் படைப்புகளை வைத்துக் காட்டுகிறார்கள். பலாஸ்ஸோ கிராஸி என்னும் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை இன்று அத்தகைய கலைக்கூடமே. வெனிஸ் நகரத்தார் செல்வம் சேர்த்த வழிகளுள் ஒன்று மிளகு வாணிபம். மலையாளக் கரையிலிருந்து அரபு வணிகர் கொண்டுபோன மிளகை அலெக்சாந்திரியாவில் வாங்கி, ஐரோப்பா முழுவதும் விற்று வந்தனர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியதும் அந்த வாணிபத்துக்கு ஆட்டம் கண்டது. ஆகவே வெனிஸ் மாளிகைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவற்றின் சுவரில் நம் மலைகளின் மிளகும் கொஞ்சம் குழைந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

கொச்சிக்காரர்கள் அதே ஏற்பாட்டைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு ஓவியர்கள் முன்னின்று நடத்த, 2012 டிசம்பர் 12ஆம் நாள் முதல் விழா தொடங்கியது. சங்கப் பாடல்களில் நாம் படிக்கும் முசிறியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். சேரர் துறைமுகத்தின் பெயர் இப்படி உலகம் சுற்றுவதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சிதான். அரசாங்கப் பணத்தைக் குறித்து அப்போது பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. அது இங்கே நமக்கு வேண்டா.

நான் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். தாயாரை அழைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையிற் பேருந்து ஏறி, பாலக்காட்டில் ரயில் பிடித்தேன். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் செல்லும் அந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு. பாதை போடப் பணம் போதாமல், கொச்சி மன்னர் இராமவர்மா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார். 1902இல் வண்டி ஓடியது. இதை நான் சொன்னபோது தாயார், "சாமி நகையில ஓடற ரயிலா!" என்று கூறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

டர்பார் ஹால் எனப்படும் கொலுமண்டபம் எர்ணாகுளத்தில், சிவன் கோயிலுக்கு அருகில், மைதானத்தை நோக்கி நிற்கிறது. 1850களில் கொச்சி மன்னர் தம் தர்பாரை நடத்தக் கட்டியது. பிற்காலத்தில் கலைக்கூடமாயிற்று, பினாலேக்காகப் புதுப்பித்தார்கள். வாசற்படியில் தாயார் செருப்பைக் கழற்றினார். காவலர் சிரித்துக்கொண்டே, "வேண்டா அம்மே, செருப்பு ஊரண்ட" என்றார். "அவரு சொன்னா சொல்லட்டும் கண்ணு. உங்க தாத்தன் வரி கட்டின எடம்" என்று என்னிடம் கூறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். அங்கிருந்த படங்களை விட மண்டபத்தின் கூரையைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. படங்களிற் சில எனக்கும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதாகப் பாவனை செய்யும் கூட்டமும் அங்கே இருந்தது. அது எல்லாக் கண்காட்சிகளிலும் இருக்கும் போலும்.

எர்ணாகுளம் துறையிற் படகேறி ஃபோர்ட் கொச்சிக்குச் சென்றோம். விழாவின் பெரும்பகுதி ஆஸ்பின்வால் மாளிகையில் நடந்தது. மாளிகை என்பது பேச்சுக்கு. ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகர் 1867இல் தொடங்கிய வாணிப நிறுவனத்தின் பண்டகசாலையும் காரியாலயமும் குடியிருப்பும் சேர்ந்த பெரிய வளாகம் அது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய், பின்னாளிற் கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று மலைகளிலும் தோட்டங்களிலும் விளைந்தவையெல்லாம் இங்கே கிடங்கில் அடைந்து கப்பலேறின. என் சின்னம்மா ஒருவர் இடுக்கி மலையில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் முதுகொடிய வேலை செய்தவர். வணிகர் பெயர் கட்டடத்துக்கு நின்றது. பறித்தவர், சுமந்தவர் பெயர் எந்தச் சுவரிலும் கிடையாது. அந்த வெற்றுக் கிடங்குகளில் நடக்கும்போது இந்த எண்ணம் எனக்கு ஓயவில்லை.

அங்கே ஓரிடத்தில் ஒடிசா நாட்டு நெல் விதைகள் இருநூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைச் சேர்த்து வைத்திருந்தார் அமர் கன்வர் என்ற கலைஞர். சுரங்கத்துக்காக நிலம் பறிபோகும் உழவரைப் பற்றிய காட்சி அது. தாயார் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். அடுத்த கிடங்குக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

தரையெல்லாம் ஆட்டுக்கல்! நூற்றுக்கும் மேற்பட்டவை. சதுரமாகச் செதுக்கி நடுவே குழி தோண்டிய கருங்கற்கள். பெங்களூரில் வாழும் ஷீலா கௌடா என்ற கலைஞரும், அவர் கணவரும் சுவிட்சர்லாந்து நாட்டவருமான கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் பெங்களூர்த் தெருவோரங்களிற் கிடந்த கற்களைத் திரட்டி, லாரியில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்பியபோது அடுப்படித் தரையிலிருந்து பெயர்க்கப்பட்டவை அவை. கிரைண்டர் வந்த பிறகு அரைக்க வேண்டாம். விற்றால் வாங்க ஆளில்லை. உடைக்கவும் கை வருவதில்லை. ஆகையால் இரவோடிரவாகத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போய்விடுவது. இந்தத் தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர், வழியில் தங்கிச் செல்லுதல் என்னும் பொருளுடையது.

இந்த இடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்டுக்கல்லைத் தெருவுக்கு அனுப்பியதில் எங்கள் அண்டை ஊராகிய கோயமுத்தூருக்குப் பெரும் பங்கு உண்டு. கிரைண்டர் என்றாலே கோயமுத்தூர்தான், அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டரசு வீடுதோறும் இலவசமாகக் கிரைண்டர் வழங்கத் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் புறம் இருந்த எங்களுக்கு அது கிட்டவில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் புதுக் கிரைண்டர் சுழல, எங்கள் தெருவில் சிலர் இன்னும் சில காலம் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தாயார் குனிந்து ஒரு கல்லின் குழிக்குள் கையை விட்டுத் தடவினார். "இது கொத்தி எத்தனையோ வருசமாச்சு" என்றார். இன்னொன்றைத் தொட்டு, "இது பெரிய குடும்பத்துக் கல்லு, பாரு, ஒரு பக்கமாவே தேஞ்சிருக்குது. ஒருத்தியே ஆட்டியிருக்கா. மாத்தி விட ஆளில்ல போல" என்றார். அருகில் நின்ற தொண்டர் இளைஞர் தடுக்க வந்தவர், தடுக்காமற் கேட்டுக்கொண்டு நின்றார். மலையாளம்தான் அவர் மொழி. ஆயினும் கேட்டது விளங்கியிருக்க வேண்டும். கல்லுக்குக் கல் நகர்ந்து தாயார் அரைமணி நேரம் அவற்றைப் படித்தார். ஆம், படித்தார் என்றே சொல்ல வேண்டும். எவ்வளவு பேருக்கு மாவு அரைத்த கல், எந்தக் கை ஆட்டிய கல், எப்போது கைவிட்ட கல் என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போலவே படித்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏங் கண்ணு, இத்தன பொம்பளைங்களும் எங்க போனாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்நாட்களில் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த பேச்சு ஒன்று உண்டு. வடகரப்பதிப் பழைய வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டுவது என்று அண்ணனும் தம்பியும் நானும் முடிவு செய்திருந்தோம். பணம் பெரும்பாலும் என்னுடையது. அடுப்படித் தரையில் எங்கள் ஆட்டுக்கல் பதிந்திருந்தது. அதை என்ன செய்வது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொல்ல, தம்பியும் தலையசைத்திருந்தான். அயல்நாட்டில் வாழும் நாம் எல்லாரும் அறிந்த சங்கடந்தானே இது? கொண்டுபோகவும் முடியாது, விற்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. விமானத்தில் முப்பது கிலோ என்கிறார்கள். ஒரு கல்லுக்கே அது காணாது.

ஊர் திரும்பிய மறுநாள் தாயார் மூவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். வீட்டை இடிப்பதற்கு அவர் தடை சொல்லவில்லை. "நம்ம கல்ல ரோட்டுலயும் போடாதீங்க, அஸ்திவாரத்துலயும் போடாதீங்க. நான் முப்பது வருசம் அதும்பக்கத்துல உக்காந்து எந்திரிச்சிருக்கறேன்" என்றார். தம்பி, "ஒரு கல்லுக்கு இவ்வளவு பேச்சாம்மா?" என்றான். "கொச்சியில மன்னரு மண்டபத்துக்கு ஓவியம் பார்க்க வந்த சனமெல்லாம் இந்தக் கல்லத்தான் பாக்குது. போய்ப் பார்த்துட்டு வந்து பேசு" என்றார் தாயார். 2014இல் வீடு இடிந்தது. நான்கு ஆட்கள் கடப்பாரை கொண்டு கல்லைப் பெயர்த்துக் கிணற்றடி வேம்பின்கீழ் வைத்தார்கள். அதிலே தண்ணீர் ஊற்றி வைப்பது தாயாரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று. மைனாக்கள் வந்து குடித்துப்போகும்.

2017இல் நான் தனியே சென்றேன். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீதா ஆஸ்பின்வால் கிடங்கு ஒன்றில் முழங்காலளவு கடல் நீரை நிரப்பி, சுவரிற் சில வரிகளை எழுதி வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீருக்குள் நடந்துபோய்த்தான் படிக்க வேண்டும். 2015இல் மத்தியதரைக் கடலில் படகு கவிழ்ந்து இறந்த சிரியா நாட்டுக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு இறந்த அண்ணன் காலிப்பின் படத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த அண்ணனுக்காக எழுதியது அது. அதே வளாகத்தில், நாடு கடத்தப்பட்ட கவிஞர்களுக்கென்று ஸ்லொவேனியக் கவிஞர் அலேஷ் ஷ்டேகர் ஒரு கூம்புக் கோபுரம் கட்டியிருந்தார். உள்ளே இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். 1302இல் புளோரன்சிலிருந்து துரத்தப்பட்டு ஊர் திரும்பாமலே மாண்ட இத்தாலிய மகாகவி தாந்தேயும் அவர்களுள் ஒருவர். வெளியே வந்து நெடுநேரம் காயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2018இல் தாயார் காலமானார்.

2019 பிப்ரவரியில் என் மகளை அழைத்துச் சென்றேன். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் வளைகுடாவில். வடகரப்பதி அவளுக்கு விடுமுறை ஊர். அம்முறை தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் படைத்த ஒன்று அங்கே இருந்தது. கொடியிற் காயப்போட்ட துணிகளைப் போல வரிசை வரிசையாகச் சட்டைகளும் துணிகளும், சேற்றுக் கறையோடு. எண்ணினால் நூற்றுப் பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் மையால் ஒரு பெயர், வயது, பிறந்த இடம், விலை. ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் நம் நாட்டிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோய்க் கேப் டவுனில் விற்ற மனிதர்களின் விற்பனைப் பத்திரங்களிலிருந்து எடுத்த விவரங்கள் அவை.

இந்த வரலாறு நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 1658இல் நாகப்பட்டினத்தையும் 1663இல் கொச்சியையும் ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விலைக்கு வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். கேப் டவுனில் வாங்கியவர்கள் அடிமைகளுக்குத் தம் இஷ்டம்போற் பெயரிட்டார்கள். மாதங்களின் பெயரைச் சூட்டுவதும் வழக்கம். அதன் பின்னால், வந்த கரையின் பெயர்: மலபாரிலிருந்து வந்தவர், வங்காளத்திலிருந்து வந்தவர் என்று. தாயும் தந்தையும் வைத்த பெயர் பத்திரத்தில் ஏறவில்லை.

மகள் ஒரு சட்டையின்முன் நின்று, "அப்பா, இவங்களோட உண்மையான பெயர் என்ன?" என்றாள். "எழுதி வைக்கவில்லை, கண்ணு" என்றேன். சிறிது நேரம் கழித்து, "எனக்கும் பாஸ்போர்ட்டுல உங்க பெயரைத்தானே கடைசிப் பெயர்னு போட்டிருக்காங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னை உங்க பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க" என்றாள். நம் சங்கத்துக் குழந்தைகள் பலருக்கும் நேர்வதே இது. குடும்பப் பெயர் என்றொரு கட்டத்தை நிரப்பச் சொல்கிறார்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரை அங்கே எழுதிவிட்டு வருகிறோம். ஆனால் அவர்கள் பயணத்தையும் நம் பயணத்தையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். ஆண்டுக்கொருமுறை திரும்பி வருகிறோம். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். அவர்களை யாரும் வழியனுப்பவில்லை. இதை நான் மகளிடம் சொன்னேன். அவளும் அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு சட்டையின்முன்னும் நின்று, அதில் இருந்த பெயரை மெல்ல வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். நூற்றுப் பத்தொன்பதையும் படித்தாள். எனக்குக் கால் கடுத்தது, இருந்தாலும் அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து வேளி என்னுமிடத்திலுள்ள சலவைத் துறைக்குப் போனோம். தோபிக்கானா என்று கேட்டால் வழி சொல்வார்கள். வரிசையாகத் தொட்டிகள், கண்ணுக்கெட்டிய மட்டும் கொடிகளில் வெள்ளைத் துணி. அங்கே உழைப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தார். ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைப் பற்றிக் கூறுகின்றனர். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எங்கள் தமிழைக் கேட்டு நிமிர்ந்து, "எந்த ஊரு பாப்பா?" என்று மகளைக் கேட்டார். "வடகரப்பதி" என்றாள் அவள், என்னை முந்திக்கொண்டு. "அது எந்தப் பக்கம்?" என்றார் அவர். "வேலந்தாவளத்துக்குப் பக்கம். எங்க அப்பத்தாவோட ஆட்டுக்கல்லு அங்க இருக்குது" என்று விடை சொன்னாள். அவர் அதை மிகச் சரியான முகவரியாக ஏற்றுக்கொண்டவர்போலத் தலையசைத்துவிட்டுத் துணியை மடிக்கலானார்.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. இவ்விழா டிசம்பரில் தொடங்கி மார்ச்சு மாதத்தை ஒட்டி முடிவது வழக்கம். பெருந்தொற்றால் ஒருமுறை தள்ளிப்போயிற்று, ஆதலால் ஆண்டை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பாலக்காட்டிலிருந்து காலை ரயிலிற் புறப்பட்டால் முற்பகலுக்குள் எர்ணாகுளம். டர்பார் ஹாலுக்குத் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஃபோர்ட் கொச்சிக்குப் படகே உத்தமம். வெயில் கடுமை, குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்க. வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உட்கார அங்கங்கே இடம் உண்டு.